ஐந்தாவது பச்சைப் புள்ளி

கடித எண்: 1
30 அக்டோபர் 2023, திங்கட்கிழமை, காலை மணி 7.10

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது 18 அக்டோபர் 2015, ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து எட்டு ஆண்டுகளும் பன்னிரண்டு நாட்களும் கடந்துவிட்டன. இத்தனை காலம் கழித்து எழுதுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

நேற்று மாலை நடைப்பயிற்சியின்போது நகர மன்ற வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். 2024ஆம் ஆண்டுக்கான இலக்குகளையும் முன்னுரிமைகளையும் தீர்மானிக்கும் அமர்வு “நவம்பர் 19, சனிக்கிழமை” நடைபெறும் என்று அதில் அச்சாகியிருக்கிறது. நவம்பர் 19 ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை 18ஆம் தேதிதான் வருகிறது. இருபத்தேழு ஆண்டுகள் அந்த மன்றத்தின் செயலராக இருந்து, ஒரு தேதியையும் தவறாக வெளியிடாதவன் என்ற முறையில் இதைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நீ இப்போது ஆறாம் வட்டத்தின் உறுப்பினர். செயலரிடம் சொல்லித் திருத்தச் செய்வாயாக. இல்லையேல் பாதிப் பேர் ஒரு நாளும் மீதிப் பேர் மறுநாளும் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அறிவிப்பில் பதினான்கு பொருள்கள் இருக்கின்றன. எழுத்துப்பிழைகள் இரண்டு, அவற்றைத் தனித்தாளில் குறித்துள்ளேன். ரயில்பாதையின் கீழுள்ள சுரங்கப்பாதைக்கு நீர் இறைக்கும் பம்பும் தானியங்கித் தடுப்பும் அமைப்பது என்ற பொருள் இந்த ஆண்டும் ஏழாம் எண்ணிலேயே இருக்கிறது. அதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

உன் உடல்நலத்தைப் பார்த்துக்கொள். மழைக்காலம்.

இங்ஙனம்,
உன் அண்ணன்

இணைப்பு: எழுத்துப்பிழைத் தாள், ஒன்று.


(தேதியிடப்படாதது. அஞ்சல் முத்திரைப்படி 3 நவம்பர் 2023, வெள்ளிக்கிழமை. கைக்குக் கிடைத்தது 6 நவம்பர், திங்கட்கிழமை, காலை மணி 11.25.)

அண்ணனுக்கு,

எட்டு வருடம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. கவரின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோல் தேடி, ஓரம் கிழியாமல் வெட்டி எடுத்தேன். உள்ளே பார்த்தால் பதினெட்டா பத்தொன்பதா என்று எழுதியிருக்கிறீர்கள். செயலரிடம் சொல்லிவிட்டேன். பேனாவால் திருத்தி ஒட்டிவிட்டார். திருப்திதானே?

இப்போது நான் கேட்கிறேன். நீங்கள் பதில் சொல்லுங்கள்.

போன ஆகஸ்டில் அவருடைய அலமாரியை முதல் தடவையாக ஒழித்தேன். 2014ஆம் வருட டைரிக்குள் ஒரு சின்ன அட்டை இருந்தது. இலக்கு அமர்வில் உறுப்பினர்களுக்குக் கொடுப்பீர்களே, வேண்டிய பொருளுக்குச் சுவர்த்தாளில் ஒட்டுவதற்கென்று ஆளுக்கொரு நிறத்தில் ஐந்து புள்ளிகள் இருக்கும் அட்டை, அதுதான். அவருக்குப் பச்சை. இப்போது எனக்கும் அதே மாதிரி ஒன்றைத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் ஊதா. பச்சையை அவருக்குப் பிறகு யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த அட்டையில் ஒரு புள்ளி கூட இல்லை அண்ணா. ஐந்து வெறும் வட்டங்கள். ஐந்தையும் உரித்திருக்கிறார்.

ஆனால் நீங்கள் எழுதிய நடவடிக்கைக் குறிப்பில் என்ன இருக்கிறது? எனக்கு அது மனப்பாடம். நான்காவது வரிசை என்றால் அவர்தான். “நான்காவது வரிசை உறுப்பினர் நான்கு புள்ளிகளை இட்டார். ஒரு புள்ளி பயன்படுத்தப்படவில்லை. பொருள் எண் ஏழு எட்டுப் புள்ளிகள் பெற்றது. ஒன்பதுக்குக் குறைந்ததால் அடுத்த ஆண்டுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது.” அடுத்த ஆண்டு அவர் அந்தச் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் வண்டியோடு இறங்கினார். வெளியே வரவில்லை.

இந்த எட்டு வருடமும் நான் ஏழாம் எண்ணுக்காக எழுந்து நிற்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஐஸ் ஃபேக்டரிக்காரர் அந்தப் பழைய குறிப்பைக் கையோடு கொண்டுவந்து படிக்கிறார். “அம்மா, உங்க வீட்டுக்காரரே கையில ஒரு புள்ளிய வெச்சுக்கிட்டு இதுக்கு வைக்கல. எங்கள ஏம்மா வைக்கச் சொல்றீங்க?” பதினோரு உறுப்பினரில் மூன்று பேர் தரையைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான், ஏழாம் எண் ஏழிலோ எட்டிலோ நின்றுவிடும்.

போன வாரம் முன்னோட்டக் கூட்டத்தில் இன்னொன்று சொன்னார். உங்கள் காதுக்கும் வந்திருக்கும். மழை பெய்யும்போது சுரங்கப்பாதை வாயில் மஞ்சள் மழைக்கோட்டோடு யாரோ நிற்கிறார்களாம், கையை அசைத்து வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்களாம், கிட்டே போய்ப் பார்த்தால் ஆள் இல்லையாம். அது மன்றத்தில் உறுப்பினர்களுக்குக் கொடுத்த மழைக்கோட்டுதானாம். “அதான் உங்க வீட்டுக்காரர் பேயா வந்து காவல் காக்கறாரே, தடுப்பு வேற எதுக்கு?” என்றார். சபை சிரித்தது. தலைவி அம்மா கூட வாயைப் பொத்திக்கொண்டார். நான் என் ஊதா அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு, 2015இல், நீங்கள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நேராகவே கேட்டேன். “அண்ணா, அவர் அதுக்குப் புள்ளி வெச்சாரா இல்லையா?” நீங்கள் சொன்னீர்கள்: “குறிப்பேட்டில் உள்ளதுதான் நடந்தது.” அதனால்தான் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு உங்களைப் போகச் சொன்னேன்.

மறுபடியும் கேட்கிறேன். ஐந்தாவது புள்ளி எங்கே?

தங்கை


கடித எண்: 2
7 நவம்பர் 2023, செவ்வாய்க்கிழமை, காலை மணி 6.45

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தேதியிட மறந்திருக்கிறாய். அஞ்சல் முத்திரையைக் கொண்டு நானே குறித்துக்கொண்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். அட்டையில் ஐந்து வட்டங்கள் வெறுமையாக இருப்பதால் மட்டுமே ஐந்து புள்ளிகளும் சுவரில் ஒட்டப்பட்டன என்று முடிவு கட்டுவது முறையாகாது. புள்ளி உரிக்கப்பட்டிருக்கலாம், உரித்த பின் தரையில் விழுந்திருக்கலாம், யாருடைய காலணியின் அடியிலேனும் ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். 1998ஆம் ஆண்டு அமர்வில் மருந்துக்கடை உறுப்பினரின் ஆரஞ்சுப் புள்ளி ஒன்று தேநீர்க் கோப்பையின் அடியில் கண்டெடுக்கப்பட்டதை அப்போதைய குறிப்பில் காணலாம். ஆகவே பல சாத்தியங்கள் உண்டு. நடவடிக்கைக் குறிப்பு கையெழுத்திடப்பட்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, உறுதிசெய்யப்பட்டது. உன் கணவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார், ஆட்சேபணை தெரிவிக்கவில்லை.

இரண்டாவதாக, பேய் பற்றிய பேச்சு. படித்தவர்கள் நிறைந்த ஒரு மன்றத்தில் இத்தகைய பேச்சு இடம்பெறுவது வருந்தத்தக்கது. அங்கே அப்படி யாரும் நிற்பதில்லை. மழைக்காலத்தில் ஓட்டுநர்கள் தண்ணீரின் ஆழம் தெரியாமல் அஞ்சுகிறார்கள். அச்சத்தில் உருவங்களைக் காண்கிறார்கள். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. கடந்த சனிக்கிழமை, 4ஆம் தேதி, பிற்பகல் 3.40க்குத் தெற்கு வாயிலில் நீர்மட்டம் சுவரின் மூன்றாவது கல்வரிசையைத் தொட்டது, இரண்டடி மூன்றங்குலம். 4.15க்கு நான்காவது வரிசையின் பாதி. இத்தகைய இடத்தில் யாரேனும் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அமர்வில் பேசும்போது உணர்ச்சிவசப்படாதே. ஐஸ் ஃபேக்டரிக்காரர் பழைய குறிப்பை வாசித்தால் அவரை வாசிக்க விடு. குறுக்கிட்டால் நேரம் உன் கணக்கில்தான் போகும்.

இங்ஙனம்,
உன் அண்ணன்

இணைப்பு: இல்லை.


(9 நவம்பர் 2023, வியாழக்கிழமை என்று தானே தேதியிட்டிருக்கிறாள். கைக்குக் கிடைத்தது 11 நவம்பர், சனிக்கிழமை, காலை மணி 10.50.)

அண்ணா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். காலணியடி, தேநீர்க் கோப்பை எல்லாம் படித்தேன். பிறகு அந்தக் கல்வரிசையில் கண் நின்றது. மூன்றாவது வரிசை, நான்காவது வரிசையின் பாதி, மூன்று நாற்பது, நாலேகால். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இது எப்படித் தெரியும்?

அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியவில்லை. எனக்கு வேறொரு ஆசை இருந்தது. அதை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேய்க் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது நான் சிரிக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். தெற்கு வாயில் பக்கம் போகவில்லை. மேலே ரயில்வே வேலி ஓரமாக ஏறி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வாயில் நேராகக் கீழே தெரியும்.

நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் கோட்டு. தலையை மூடிய தொப்பி. முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு. அவர் அப்படித்தான் நிற்பார், பேருந்துக்குக் கூட. ஒரு சின்ன லாரி வந்தது. கையைத் தூக்கினார். லாரி நின்று, பின்னால் போய், திரும்பியது.

நான் கூப்பிட்டேன். வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு பெயர் வைத்துதான் அவரை வீட்டில் கூப்பிடுவேன். அந்தப் பெயரைச் சொல்லி மழைக்குள் கத்தினேன். கேட்டதோ இல்லையோ தெரியாது. உருவம் அசையாமல் நின்றது. பிறகு கோட்டின் இடது கைப்பகுதியை மெதுவாக மேலே தள்ளி, மணி பார்த்தது.

பேய் எதற்கு மணி பார்க்கிறது?

பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, குனிந்து, நனையாமல் மறைத்துக்கொண்டு எழுதியது. அந்தக் குனிதலை நான் நான்கு வயதிலிருந்து பார்க்கிறேன். என் சிலேட்டில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க நீ அப்படித்தான் குனிவாய்.

ஒரு நிமிடம் நான் அவரோடு இருந்தேன். அதைக் கொடுத்தவனும் நீ, பிடுங்கிக்கொண்டவனும் நீ.

எதற்காக அங்கே நிற்கிறாய்? எத்தனை நாளாக? குறிப்பேட்டில் உள்ளதுதான் நடந்தது என்றால், உன்னை யார் அங்கே நிற்கச் சொன்னது?

பதினெட்டாம் தேதிக்குள் எழுது. எழுதாவிட்டால் இனி எழுதவே வேண்டாம்.

தங்கை


கடித எண்: 3
12 நவம்பர் 2023, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 5.30

அன்புள்ள தங்கைக்கு,

தேதியிட்டிருந்தாய். நன்றி. மேலும், உன் திருமணத்துக்குப் பிறகு முதல்முறையாக, அதாவது முப்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, என்னை “நீ” என்று எழுதியிருக்கிறாய். அதைத் திருத்தும் எண்ணம் எனக்கில்லை.

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

15 நவம்பர் 2014, சனிக்கிழமை. மன்ற அரங்கின் மேற்குச் சுவரில் பதினான்கு பெரிய தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. புள்ளியிடும் நேரம் பிற்பகல் 3.30 முதல் 4.30 வரை. 4.30க்கு நான் மணி அடிப்பேன். அதற்குப் பின் இடப்படும் புள்ளி செல்லாது. அந்த விதியை எழுதியவன் நானே. 1993ஆம் ஆண்டில் எழுதினேன்.

மாப்பிள்ளை நான்கு புள்ளிகளை முதல் பத்து நிமிடங்களிலேயே இட்டுவிட்டார். ஐந்தாவதை உரித்து வலது சுட்டுவிரல் நுனியில் ஒட்டிக்கொண்டு, அந்த விரலை மட்டும் உயர்த்தியபடி, எதிலும் படாமல், அரங்கெங்கும் நடந்துகொண்டிருந்தார். ஏழாம் எண்ணுக்குத் தாம் மட்டும் வைத்தால் போதாது, இன்னொருவரையும் வைக்கச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மருந்துக்கடை உறுப்பினரைப் பிடித்துக்கொண்டார். “நீங்க வெச்சாத்தான் நான் வைப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து வைப்போம், வாங்க” என்று அவரைக் கையோடு இழுத்தார். மருந்துக்கடைக்காரர் எளிதில் மசியவில்லை. கடைசியில் அவர் தம் ஆரஞ்சுப் புள்ளியை ஏழாம் எண்ணில் வைத்தபோது மணி 4.29. மாப்பிள்ளை அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துப் பேசிக்கொண்டே நின்றார். 4.30க்கு மணி அடித்தேன். எல்லோரும் தேநீருக்கு எழுந்தார்கள். 4.32க்கு அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தம் பச்சைப் புள்ளியை வைத்தார். “என்ன கடிகாரம், ரெண்டு நிமிஷம்தானே” என்றார். கேலி செய்யும்போது என்னை அவர் அப்படித்தான் அழைப்பார் என்பது உனக்குத் தெரியும்.

அவர் வெளியே சென்றதும் அந்தப் புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் உரித்தெடுத்தேன்.

விதிப்படி நான் செய்திருக்க வேண்டியது வேறு. “காலம் கடந்து இடப்பட்டது, ஆதலால் செல்லாது” என்று குறித்து, அவையில் அறிவித்திருக்க வேண்டும். அறிவித்திருந்தால் யாரேனும் ஆட்சேபித்திருப்பார்கள். தலைவர் தம் விருப்ப அதிகாரத்தால் அனுமதித்திருக்கவும் கூடும். கூட்டம் ஆறு மணி வரை இழுத்திருக்கும். மேலும், என் தங்கையின் கணவருக்கு நான் இரண்டு நிமிடம் சலுகை காட்டினேன் என்ற பேச்சு வரும். ஆகவே, “பயன்படுத்தப்படவில்லை” என்று எழுதினேன். அந்த ஒரு சொல் குறிப்பைச் சுத்தமாக வைத்திருந்தது. என் இருபத்தேழு ஆண்டுப் பணியில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அதைச் சிறிய எழுத்தில் கூட எழுதவில்லை.

உனக்கு நான் சொல்ல அஞ்சியது இதுவன்று. இனி வருவதுதான்.

முடிவுகள் வாசிக்கப்பட்டபோது, “ஏழாம் எண், எட்டு” என்றேன். மாப்பிள்ளை நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூட்டம் கலைந்த பின் என் மேசைக்கு வந்து, மெல்லிய குரலில், “மச்சான், கட்டைவிரலைப் பாருங்க” என்றார். புள்ளி என் நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. முடிவுகளை வாசித்த நேரம் முழுவதும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் சிரித்தார். “விடுங்க. வெளிய தெரிஞ்சா உங்களுக்கு அசிங்கம். அடுத்த வருஷம் மணியடிக்கறதுக்கு முன்னாடியே வெச்சுடறேன்” என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் குறிப்பு வாசிக்கப்பட்டபோது அவர் ஆட்சேபிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அது உண்மை. காரணம் இதுதான்.

அடுத்த ஆண்டு அமர்வுக்கு அவர் இல்லை. 7 அக்டோபர் 2015, புதன்கிழமை, மாலை.

31 மார்ச் 2016 அன்று ஓய்வுபெற்றேன். மன்றம் கொடுத்த மஞ்சள் கோட்டைத் திருப்பித் தரவில்லை. அந்த ஜூன் மாதத்து முதல் மழையிலிருந்து, நான் ஊரில் இருந்த ஒவ்வொரு மழை நாளிலும், தெற்கு வாயிலில் நிற்கிறேன். நேற்றோடு நூற்று நாற்பத்து மூன்று நாட்கள். நீர்மட்டத்தையும் நேரத்தையும் திரும்பிப் போன வண்டிகளையும் பதிவு செய்கிறேன். நான் அங்கே நிற்பதால் எதுவும் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. மழைச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் உட்கார முடிவதில்லை. கட்டைவிரல் கனக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் கனக்கிறது.

வியாழக்கிழமை நீ அழைத்தது எனக்குக் கேட்டது. அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பினால் நீ என் முகத்தைப் பார்ப்பாய் என்பதால் திரும்பவில்லை. கைக்கு ஏதேனும் வேலை வேண்டியிருந்தது, மணி பார்த்தேன். மணி 2.51.

இக்கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

இங்ஙனம்,
உன் அண்ணன்

இணைப்பு: இல்லை. இருக்க வேண்டியது ஒன்று உண்டு. அஞ்சலில் அனுப்பத் துணிவில்லை.


(14 நவம்பர் 2023, செவ்வாய்க்கிழமை. அஞ்சலில் வரவில்லை. 15ஆம் தேதி காலை மணி 6.20க்குக் கதவின் அடியில் கிடந்தது.)

அண்ணா,

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு மாதம் என் பக்கத்தில் சாப்பிட்டு, என் பக்கத்தில் தூங்கி, ஒரு வார்த்தை சொல்லவில்லை. “புள்ளி வெச்சீங்களா?” என்று அன்றைக்கே கேட்டேனே. “ம், பார்த்துக்கலாம்” என்றார். மச்சானுக்கு அசிங்கம் வரக்கூடாதாம். நீங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டீர்கள். நடுவில் என்னை எட்டு வருடம் அந்தச் சபையில் தலைகுனிய வைத்தீர்கள்.

உன் மேல் கோபப்படலாம். நீ இருக்கிறாய். அவர் மேல் கோபப்பட எங்கே போவது, சொல்.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டப்போவதில்லை. நான் ஏன் அதைச் சுமந்துகொண்டு போய்ப் படிக்க வேண்டும்? புள்ளி வைப்பதற்கு முன்னால் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம் என்று நீயே எழுதிய விதி இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணிக்கு வா. பின் வரிசையில் உட்காராதே.

இந்தக் கடைசி வரிகளை உன் வாசலில் நின்று எழுதுகிறேன். கதவடியில் இதைத் தள்ளிவிட்டுப் போகிறேன். தட்டப்போவதில்லை. உள்ளே அந்தக் கோட்டு ஆணியில் தொங்குவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. ஈரம் சொட்டுகிறது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தங்கை


கடித எண்: 4
18 நவம்பர் 2023, சனிக்கிழமை, மாலை மணி 7.20

அன்புள்ள தங்கைக்கு,

இன்று அரங்கில் நாம் ஒரே கூரையின் கீழ் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தோம், பேசிக்கொள்ளவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மூன்று நிமிடம் கொடுக்கப்பட்டது. இரண்டு நிமிடம் நாற்பது நொடியில் முடித்துவிட்டேன். எழுதி வைத்திருந்ததைப் படிக்க முடியவில்லை, கண்ணாடியில் ஈரம் படிந்துவிட்டது. நேராகச் சொன்னேன்: புள்ளியை வைத்தார், நான் எடுத்தேன், எடுத்ததை மறைத்தேன். ஐஸ் ஃபேக்டரிக்காரர் எழுந்து, “பெரியவரே, ஒம்பது வருஷமா இத எங்க வெச்சிருந்தீங்க?” என்று கேட்டது நகைப்புக்காக என்றுதான் நினைத்தேன். நான் பணப்பையிலிருந்து அந்தப் புள்ளியை எடுத்துக் காட்டியதும் அவர் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடை உறுப்பினர், வயதானவர், அடுத்த இருக்கைக்காரரிடம், “அன்னிக்கு என் கையப் புடிச்சு இழுத்தாரு. இன்னும் அந்தப் புடி இருக்கு” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஏழாம் எண்: பத்துப் புள்ளிகள். 2024ஆம் ஆண்டின் இரண்டாவது முன்னுரிமை. வைக்காத ஒருவர் யார் என்பதை நாம் இருவருமே பார்த்தோம். ஊதா எதுவும் அந்தத் தாளில் இல்லை. நீ தாளின் முன்னால் விரலை உயர்த்தியபடி நின்றுகொண்டே இருந்தாய். நான் மணியடிப்பவனாக இருந்திருந்தால் காத்திருந்திருப்பேன். இப்போதைய செயலர் சரியாக 4.30க்கு அடித்துவிட்டார். நீ விரலை மடக்கிக்கொண்டாய். ஏன் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஒன்று போதாமல் போனதும் ஒன்று தேவையில்லாமல் போனதும் அதே ஏழாம் எண்ணில்தான் என்று மட்டும் எண்ணிக்கொண்டேன்.

இனி நான் எழுதப்போவதை நீ நம்பாமல் போகலாம். நேரங்களை மட்டும் தருகிறேன்.

4.40க்கு மழை தொடங்கியது. 4.50க்கு அரங்கிலிருந்து புறப்பட்டேன். வீட்டுக்குப் போய்க் கோட்டை அணிந்துகொண்டு தெற்கு வாயிலை அடைந்தபோது மணி 5.10. நீர் இரண்டாவது கல்வரிசையில். 5.12க்கு வடக்கு வாயிலில், பாதையின் மறுமுனையில், ஒருவர் நிற்பதைக் கண்டேன். மஞ்சள் கோட்டு, தலையை மூடியிருந்தது. நீதான் என்று எண்ணினேன். மாப்பிள்ளையின் கோட்டை அணிந்துகொண்டு வந்திருக்கிறாய் என்று எண்ணினேன். கையை உயர்த்தினேன். அவரும் வலது கையை உயர்த்தினார். அசைக்கவில்லை. சுட்டுவிரலை மட்டும் நீட்டி, எதிலும் படாமல் பார்த்துக்கொள்பவரைப் போல, அப்படியே வைத்திருந்தார். 5.16க்கு ஒரு ரயில் மேலே கடந்தது. அது போன பின் வடக்கு வாயிலில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று அரங்குக்குத் திரும்பினேன். நீ புறப்பட்டுவிட்டிருந்தாய். வெளியேறுவோர் பதிவேட்டைப் பார்த்தேன். உன் கையெழுத்துக்கு நேராக 5.40 என்றிருந்தது. அதுவரை நீ தலைவி அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து தீர்மானத்தைச் சரிபார்த்தாய் என்று செயலர் சொன்னார். நீ மாப்பிள்ளையின் கோட்டைக் கொண்டுவந்திருந்தாயா என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். 2015இல் அதை மாப்பிள்ளையின் உடலிலிருந்து கழற்றி உன்னிடம் கொடுத்தவனும், அதை நீ அன்றே எரித்ததைப் பார்த்தவனும் நானே என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

என் மழைப் பதிவேட்டில் இன்றைய வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: “வடக்கு வாயில், 5.12 முதல் 5.16 வரை, ஒருவர்.” பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். தெரியாததை எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டேன். தெரிந்ததை எழுதாமல் விடும் வழக்கத்தையும்தான். இரண்டுக்கும் நடுவில் இது எதில் சேரும் என்று எனக்கு விளங்கவில்லை.

தடுப்பு வர எட்டு மாதமாவது ஆகும் என்று கேள்விப்பட்டேன். அதுவரை நான் தெற்கு வாயிலில் நிற்பேன். வடக்கு வாயிலுக்கு ஆள் தேவையில்லை என்று நினைக்கிறேன். நீ வந்து பார்க்க விரும்பினால், வேலியோரமாக ஏறாதே, வழுக்கும். என் பக்கத்தில் வந்து நில். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட விரும்பினால் நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

இந்த உறையை அஞ்சலில் சேர்க்காமல் நானே உன் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். கவனமாகப் பிரி.

இங்ஙனம்,
உன் அண்ணன்

இணைப்புகள்:

1. 15.11.2014 நாளிட்ட நடவடிக்கைக் குறிப்பில் “பயன்படுத்தப்படவில்லை” என்ற சொல்லை நீக்கக் கோரி நான் கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் நகல், ஒன்று. மூலம் செயலரிடம் கொடுக்கப்பட்டது.

2. மழைப் பதிவேடு, ஜூன் 2016 முதல் இன்று வரை, நோட்டு இரண்டு. கடைசிப் பக்கம் இன்னும் ஈரமாக இருக்கிறது; காய்ந்த பின் புரட்டவும்.

3. 2014ஆம் ஆண்டு அமர்வின் ஏழாம் எண் தாள், எட்டாக மடித்தது, ஒன்று. அதில் எட்டுப் புள்ளிகள் உள்ளன. ஆரஞ்சுக்கு அருகில், நகம் பட்டுத் தாளின் மேல்தோல் உரிந்த ஒரு வெள்ளை வட்டம் தெரியும்.

4. பச்சைப் புள்ளி, ஒன்று.

5. பசைக் குழாய், சிறியது, ஒன்று. புள்ளியின் பின்புறம் காய்ந்துவிட்டது.